கதவைச் சாத்திக் குடித்த தண்ணீர்

இடுப்பு வலி என்று சொன்னால் எங்கள் தொழிலில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சலவைக் கடையில் காலையிலிருந்து நின்றபடியே இஸ்திரி போடுகிறவளுக்கு இடுப்பு வலிக்காமல் வேறு என்ன வலிக்கும்? வலது விலாவுக்குக் கீழே பின்பக்கமாகப் பிடித்து இழுத்தது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மேசையின் உயரம் சரியில்லை என்று திட்டிக்கொண்டு, நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். கடையின் முன்பக்கம் உட்கார்ந்து துணி வாங்கி வைக்கிற என் வீட்டுக்காரர், "செருப்ப மாத்திப் பாரு" என்றார். செருப்பை மாற்றினேன். வலி செருப்பைக் கண்டுகொள்ளவே இல்லை.

அன்றைக்கு ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து கிடந்தன. இரண்டாவது விரிப்பை மடிக்கும்போதே உயிர் போகிற மாதிரி ஒரு வலி வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கவேண்டும் என்ற புத்தி மட்டும் எப்படியோ வேலை செய்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவப் போன இடத்தில்தான் திடீரென்று உறைத்தது. நேற்றிலிருந்து நான் ஒண்ணுக்கே போகவில்லை.

வேறு யாராவதாக இருந்தால் அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். என்னால் முடியாது. எல்லாருக்கும் சிறுநீரகம் இரண்டு, எனக்கு ஒன்று. இன்னொன்று என் தம்பியின் வயிற்றில் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய இரண்டும் கெட்டுப்போய், அவன் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தபோது எடுத்துக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதற்குப் பிறகு அவன் என்னைப் படுத்துகிற பாடுதான் தாங்க முடியவில்லை. பால்காரரிடமும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும், "இவங்கதான் எனக்குக் கிட்னி குடுத்த அக்கா" என்று அறிமுகப்படுத்துவான். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் எடுத்தார்கள் என்று தேடுகிற பார்வை அது. எனக்கு எரிச்சலாக வரும்.

வீட்டுக்காரர் அவனுக்குத்தான் முதலில் போன் போட்டு என் காதில் வைத்தார். எங்கோ ஒரு கட்டடத்தில் லிப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், "ஒண்ணுக்குப் போனியா அக்கா?" என்று ஒரே கேள்விதான் கேட்டான்.

"இல்லடா."

"அந்த வலி மாத்திரைய இனிமே தொடாத. நான் ஆஸ்பத்திரிக்கு நேரா வந்துடறேன்" என்றான். குரல் தேய்ந்துபோயிருந்தது. எனக்கு அதுவரை வலிதான் இருந்தது. அவன் குரலைக் கேட்டதும்தான் பயம் வந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா குட்டையாக முடி வெட்டியிருந்தாள். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். திரையில் விரலை வைத்துக் காட்டினாள். "இதுதான் கல்லு. கிட்னியிலேர்ந்து கீழ இறங்குற குழாய்ல வசமா மாட்டிக்கிட்டு நிக்குது. வழி அடைஞ்சதால மேல கிட்னி வீங்கிக் கிடக்கு. சரி, இடது பக்கம் ஏன் ஒண்ணுமே தெரியல?"

கையெல்லாம் கிரீஸோடு நின்றிருந்த தம்பி சட்டையின் மேலேயே அடிவயிற்றைத் தட்டிக் காட்டினான். "அது இங்க இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இருக்கையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. சாதாரண விஷயத்தை டாக்டர்கள் நின்றுகொண்டே சொல்லிவிடுவார்கள்.

"அப்ப இது காத்திருக்கிற கல்லு இல்ல. காய்ச்சல் இல்லாதது நம்ம நல்ல நேரம். இன்னைக்கே எடுத்துடலாம். வெட்டறதெல்லாம் கிடையாது. ஒண்ணுக்குப் போற வழியாவே மெலிசா ஒரு கேமரா குழாய விட்டு, லேசர வெச்சுக் கல்லப் பொடியாக்கிடுவோம். வழி மறுபடி அடைக்காம இருக்க, உள்ள ஒரு சின்னக் குழாய் வெச்சுடுவேன். அதுக்குப் பேரு ஸ்டென்ட். சில வாரம் கழிச்சு நீங்க வந்து அத எடுத்துக்கணும். வலி போயிடுச்சுன்னு வீட்டுலயே உக்காந்துடக் கூடாது."

"எடுத்துட்டா சரியாயிடுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"வழி திறந்துடும். கிட்னி முழிச்சுக்குதான்னு பாக்கணும். ரத்தத்துல கிரியாட்டினின், அதான் கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, நிறைய ஏறியிருக்கு. அந்த வலி மாத்திரையும் சேந்து அடிச்சிருக்கு. முழிக்கலேன்னா கொஞ்ச நாளைக்கு டயாலிசிஸ் பண்ண வேண்டி வரலாம். அதுக்கு மேல இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது."

டயாலிசிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பியின் முகம் சுண்டிப்போனது. அந்த இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தவன் அவன். அந்த வார்த்தைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று அந்த அறையில் அவனுக்குத்தான் தெரியும். டாக்டரம்மாவுக்குப் படிப்பால் தெரிந்தது அவனுக்கு உடம்பால் தெரியும்.

"டாக்டர், ஒரு வேள அப்படி ஆச்சுன்னா, எங்கிட்ட இருக்கிறத எடுத்துத் திருப்பி அவங்களுக்கே வெச்சுட முடியுமா?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. உதிரிப் பாகத்தை இந்த லிப்டிலிருந்து அந்த லிப்டுக்கு மாற்றுகிறவன் கேட்பதுபோல, முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்படியெல்லாம் யாரும் பண்றதில்லீங்க" என்றாள் டாக்டரம்மா மெதுவாக.

"ஏன்டா, இரவல் கொடுத்த குடையா அது? வாய மூடிக்கிட்டு நில்லு" என்றேன் நான். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. எனக்கு அழுகை வந்தால் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும்.

டாக்டரம்மா பேச்சை மாற்ற நினைத்தாளோ என்னவோ, அப்போதுதான் அதைக் கேட்டாள். "ஒத்தக் கிட்னிக்காரங்க நல்லாத் தண்ணி குடிக்கணும்னு சொல்லியிருப்பாங்களே. எவ்வளவு குடிக்கிறீங்க?"

"குடிப்பேன்" என்றேன்.

"குடிக்க மாட்டா" என்றார் வீட்டுக்காரர். வருஷம் முழுக்க வாய் திறக்காத மனுஷன், பேசக்கூடாத இடமாகப் பார்த்துப் பேசினார்.

தம்பி திரும்பினான். "ஏன் குடிக்க மாட்டா? எனக்கு மணிக்கொரு தரம் பாட்டில ரொப்பி ரொப்பிக் குடுக்கிறவ, அவ ஏன் குடிக்க மாட்டா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு செவிலி தள்ளுபடுக்கையோடு வந்து என்னைக் காப்பாற்றினாள்.

ஏன் குடிக்க மாட்டேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுமளவுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். டயாலிசிஸில் இருந்த காலத்தில் தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தான். சிறுநீர் போகாதவன் குடித்தால் அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய் ஏறிக்கொள்ளும். அதனால் அவனுக்கு நாளெல்லாம் சேர்த்துச் சில டம்ளர்தான். மாத்திரைக்கு ஒரு வாய், சாப்பாட்டுக்கு ஒரு வாய். மற்ற நேரமெல்லாம் உதட்டை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் சொம்பை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள். அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிமிட்டவில்லை. அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். மாமா பார்க்க யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. குளியலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் போடாமல் குடித்துவிட்டு வரவேண்டும். நாங்கள் மூன்று பேரும் சொந்த வீட்டிலேயே திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்தோம்.

ஒருநாள் நான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறேன், அவன் கதவுக்கு எதிரே நிற்கிறான். சிரித்துக்கொண்டே, "எப்படிக்கா இருந்துச்சு?" என்றான். குத்திக்காட்டவில்லை. எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசைப்பட்டான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. அதன் பிறகு நான் குளியலறைக்கும் போகவில்லை. சாப்பாட்டோடு அரை டம்ளர், அவ்வளவுதான். முதலில் தலை சுற்றியது, அப்புறம் பழகிவிட்டது. அவனுக்கு என் சிறுநீரகத்தை வைத்து, அவன் லிட்டர் லிட்டராகக் குடிக்க ஆரம்பித்த பிறகு, வீட்டில் எல்லாரும் பழையபடி ஆகிவிட்டார்கள். என் தொண்டை மட்டும் பழைய சட்டத்தையே பிடித்துக்கொண்டது. நீராவியில் நாள் முழுக்க வியர்த்து ஊற்றும், ஒரு வாய் குடிக்கத் தோன்றாது. இதைத் தியாகம் அது இது என்று யாராவது சொன்னால் அடிக்கப் போய்விடுவேன். வெறும் பழக்கம். ஆனால் தம்பிக்குத் தெரிந்தால் அவன் அதை அப்படி விடமாட்டான் என்பதால் மூச்சு விடவில்லை.

ஆபரேஷன் அறை கடைக்கு நேர்மாறாகக் குளிர்ந்து கிடந்தது. முதுகில் ஊசி போட்ட மயக்க டாக்டர் வாயாடி. "கால தூக்குங்க பாப்போம்" என்றார். தூக்கினேன். தூக்கினேன் என்று நினைத்துக்கொண்டேன், அது அசையவே இல்லை. "அம்மா சோம்பேறி ஆயிட்டாங்க, ஆரம்பிக்கலாம்" என்றார். இடுப்புக்குக் கீழே என் உடம்பு எனக்குச் சொந்தமில்லாமல் போனது. தூங்க வைத்துவிடுவார்கள் என்று நம்பிப் போனேன், அவர்களோ ஒரு திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

"பயமா இருந்தா கண்ண மூடிக்குங்க" என்றாள் டாக்டரம்மா.

பயமாகத்தான் இருந்தது. கண்ணை மூடினால் இன்னும் பயமாக இருந்தது. அதனால் பார்த்தேன். இளஞ்சிவப்பாக ஒரு குகை, அதற்குள் இன்னும் குறுகலாக ஒரு வழி. போகப் போக வழி வீங்கியிருந்தது. முடிவில் கல். தண்ணீர் உப்பு படிந்து இஸ்திரிப் பெட்டியின் நீராவித் துளை அடைத்துக்கொள்ளுமே, அதே பழுப்பு, அதே சொரசொரப்பு. துளையில் படிந்ததை நான் ஊசியால் குத்தி எடுப்பேன். இதைப்போய் எவ்வளவு நாளாக உள்ளே வளர்த்திருக்கிறேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

லேசர் இழை நூல்மாதிரி நீண்டு கல்லைத் தொட்டது. டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. கல்லின் ஓரத்திலிருந்து பொடி பறந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், கல் அசைந்தது. பிறகு விருட்டென்று பின்னால் நழுவி, மேலே போய்க் காணாமல் போய்விட்டது. திரையில் வெறும் வழி மட்டும் இருந்தது.

டாக்டரம்மா லேசரை நிறுத்தினாள். வாயாடி டாக்டர் எழுந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு?" என்றேன்.

"ஓடிட்டான். மேல கிட்னிக்குள்ளயே போயிட்டான். இந்தக் குழாய் நீட்டமா விறைப்பா இருக்கும், அங்க வளைஞ்சு போகாது. வளையற குழாய் வேணும்." செவிலியின் பக்கம் திரும்பினாள். "எடுங்க."

"காலைக் கேஸுக்குப் போட்டது டாக்டர். சுத்தம் பண்ணப் போயிருக்கு. வந்துடும்."

வந்துடும் என்பது எங்கள் கடையில் நாங்கள் வாடிக்கையாளரிடம் சொல்கிற வார்த்தை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். காலைத் தூக்கிக் கட்டிய நிலையில், மரத்துப்போன பாதி உடம்போடு, ஒரு குழாய் கழுவி வருவதற்காகக் காத்துக் கிடந்தேன். குழாய் வரவில்லை என்றால்? வந்தும் கல் அகப்படவில்லை என்றால்? இருக்கிற ஒன்றும் போய்விட்டால் நான் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்காரவேண்டும். தம்பி என் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்னால் முதல் விஷயத்தைத் தாங்க முடியும் என்று பட்டது. இரண்டாவதை நினைக்கவே முடியவில்லை.

"டாக்டர், எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றேன். அவளுக்குத் தெரியாததுபோல.

"தெரியும்மா." அவள் கையுறையைக் கழற்றிவிட்டுத் தலைமாட்டுப் பக்கம் வந்து நின்றாள். "அது தெரிஞ்சுதான் நானும் அவசரப்படாம நிக்கிறேன்."

குழாய் வந்தது. இந்த முறை வழி வளைந்து வளைந்து போய் ஒரு பெரிய அறைக்குள் திறந்தது. அதிலிருந்து சின்னச் சின்ன அறைகள் பிரிந்தன. ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இதுதாம்மா உங்க கிட்னியோட உள்பக்கம்." இதே மாதிரி ஒன்று, இதோடு கூடப் பிறந்தது, கதவுக்கு வெளியே தம்பியின் வயிற்றுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். கடைசி அறையின் மூலையில் கல் ஒளிந்துகொண்டிருந்தது. டிக் டிக் என்று பொடியாக்கினாள். ஒரு துண்டுகூட விடவில்லை.

"நல்லா இருக்கா டாக்டர்?"

"பாக்க அழகா இருக்கு. வேலை செய்யுதான்னு பை சொல்லணும்."

பை என்றது, கட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்டிருந்த சிறுநீர்ப் பையை. என்னை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பிற்பகல் முழுக்க அறையில் எல்லார் கண்ணும் அதன்மேல்தான் இருந்தது. ஆபரேஷனின்போது குழாய் வழியாக உள்ளே விட்ட தண்ணீர் கொஞ்சம் ரத்தச் சிவப்பாக இறங்கி அடியில் தேங்கி நின்றது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. தம்பி தரையில் குந்தி உட்கார்ந்து பையையே முறைத்தான். குழாய் மடங்கியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தான். லிப்ட் ஏன் நின்றது என்று தேடுகிற அதே கை.

"நீங்க இப்படி முறைச்சா அது வெக்கப்பட்டுக்கிட்டு வராது. எழுந்து நாற்காலியில உக்காருங்க" என்றாள் செவிலி.

அவன் எழுந்திருக்கவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக ஆஸ்பத்திரியில் அவன் வாய் ஓயாது. எனக்கு அந்த மௌனம் என்னவோபோல் இருந்தது. வீட்டுக்காரர் என் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை. பையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது தம்பி, "அக்கா" என்றான். குழாயில் மங்கலான மஞ்சளாக ஏதோ நகர்ந்தது. ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி இழையாக ஓட ஆரம்பித்தது. அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிறுநீரைப் பார்த்து இரண்டு ஆண்கள் இப்படி அழுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

டாக்டரம்மா வந்து பையைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆனால் முழுசாகச் சிரிக்கவில்லை. "அடைச்சுக் கிடந்து திறந்த கிட்னி இப்ப நிறைய வெளிய தள்ளும். போறதுக்கு ஈடா உள்ள போகணும். ஊசியில ஏத்தறது மட்டும் பத்தாது, நீங்க குடிக்கணும். இப்பலேர்ந்தே. காஞ்சு போச்சுன்னா முழிச்சது மறுபடி படுத்துடும். புரிஞ்சுதா?"

அவள் போன பிறகு தம்பி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். வாங்கி உதட்டில் வைத்தேன். அவன் என் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மனசு குடி குடி என்கிறது, தொண்டை ஒத்துக்கொள்ளவில்லை. உதட்டை நனைத்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் குடிக்கிறேன். நீ போய் டீ சாப்ட்டு வா."

"போக மாட்டேன்."

"போடான்னா."

"மாமா எல்லாம் சொல்லிட்டாரு" என்றான்.

வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். நான் சொல்லாவிட்டாலும் கூடவே இருந்து எல்லாம் பார்த்தவர்; வாயே திறக்காதவர் ஒரே நாளில் வருஷக் கணக்கையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டார். இனி இவன் என் காலில் விழுவான், ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான் என்று பயந்தேன். அவன் விழவில்லை. பிறந்ததிலிருந்து என்னிடம் குரலை உயர்த்தாதவன், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"கிட்னி குடுத்த, சரி. தாகத்தையுமா குடுக்கச் சொன்னேன்? நான் தண்ணி பாட்டில கழுத்துல மாட்டிக்கிட்டு உன் எதிர்ல நின்னு குடிச்சுக்கிட்டே இருந்தேன். நீ ரொப்பிக் குடுத்துக்கிட்டே இருந்த. என்னை என்னன்னு நினைச்ச நீ? இன்னும் அங்கயே, கதவுக்கு எதிர்ல நிக்கிறேன்னா? நான் எப்பவோ வெளிய வந்துட்டேன்க்கா. நீதான் உள்ளயே இருக்க."

எனக்குச் சுருக்கென்றது. அவன் டம்ளரை எடுத்து மறுபடி நீட்டினான். கிரீஸ் நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

"என்னைப் பாத்துக்கிட்டே குடி" என்றான்.

அவனைப் பார்த்துக்கொண்டே வாயில் ஊற்றினேன். முதல் வாய் தொண்டைக்குழியில் நின்றது. அவன் கண் என் தொண்டையில்தான் இருந்தது. ஆனால் அது அந்தப் பழைய பார்வை இல்லை. குழந்தை மருந்தை விழுங்குகிறதா என்று பார்க்கிற பார்வை. விழுங்கினேன். இறங்கியது. இன்னொரு வாய். டம்ளர் காலியானது எனக்கே தெரியவில்லை. வெறும் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தாகம் வந்தது. இத்தனை வருஷமாக இல்லாத தாகம். அடிவயிற்றிலிருந்து, நெஞ்சிலிருந்து, காய்ந்த உதட்டிலிருந்து எழுந்து வந்தது. எனக்கு இவ்வளவு தாகமாக இருந்ததா? கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. டம்ளரை நீட்டினேன். அவன் ஊற்றினான். குடித்தேன். மறுபடி நீட்டினேன். அவன் அழுதுகொண்டே ஊற்றியதில் பாதி படுக்கையில் போயிற்று.

"பாத்து ஊத்துடா. கீழ போகுது பாரு" என்றேன். "எனக்கு வேணும்."